மழலையர் ஆசிரியர்களுக்கான எட்டு வாரத் தொழில்நெறிப் பயிற்சி: ஒரு மதிப்புரை

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் வகுப்பில் 16 ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். ‘தொழில்நெறி’, ‘ஊக்கம்’ என்ற சொற்களைத் தலைப்பில் தாங்கிய கூட்டங்கள் பலவற்றில் இதுவரை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பேச்சாளர் ஒருவர் வருவார், மழலையர் ஆசிரியர் தாய்க்கு நிகரானவர் என்பார், நாங்கள் கைதட்டுவோம், முடிவில் குழுவாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வோம்; மறுநாள் காலையில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அந்தப் பேச்சிலிருந்து எடுத்துப் பயன்படுத்த ஒரு வரிகூட நினைவுக்கு வராது. ஆகவே, அந்த இரண்டு சொற்களையும் சேர்த்தே தலைப்பாக வைத்திருந்த இந்த இணையவழிப் பயிற்சியில் சேருமாறு உடன் பணிபுரியும் தோழி வற்புறுத்தியபோது அரைமனத்தோடுதான் பெயர் கொடுத்தேன்.

நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம்; இதே அமைப்பில் இன்று பல பயிற்சிகள் நடக்கின்றன, சேருமுன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே வாசிப்பவருக்குப் பயன்படும் என்பது இன்னொரு காரணம். பயிற்சி எட்டு வாரம். வாரந்தோறும் 40 நிமிடக் காணொளி, சில பக்க வாசிப்பு, எழுதி அனுப்ப வேண்டிய ஒரு வேலை, வார இறுதியில் ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் 12 ஆசிரியர்களும் நேரலையில் கூடிப் பேசும் ஒன்றரை மணி நேரம். இவை தவிர, நாள்தோறும் காலையில் கைபேசிக்கு வரும் ‘ஊக்கச் செய்தி’ ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் எடுத்துக்கொண்ட கேள்வி, வெளியார் பலரும் எங்களிடம் கேட்பதுதான்: சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கு எதற்குத் தனியாக ஒரு நெறித்தொகுப்பு, அன்பு இருந்தால் போதாதா? இதற்குப் பதிலாக, இளங்குழந்தைக் கல்வி அறிஞர் லிலியன் காட்ஸ் 1970-களின் இறுதியில் முன்வைத்த வாதங்களை எடுத்து விரித்தார்கள். குழந்தைக்கும் ஆசிரியருக்கும் இடையிலுள்ள அதிகார ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. ஆசிரியர் ஒரே நேரத்தில் குழந்தை, பெற்றோர், பணியிடம், சமூகம் எனப் பலருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வயதுக்கு எது சிறந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லாத அறிவு எப்போதும் கைவசம் இருப்பதில்லை. பராமரிப்பவரா, கற்பிப்பவரா, தாய்க்கு மாற்றா என்று எங்கள் பணியின் எல்லையே தெளிவாக இல்லை. இந்த நான்கையும் கேட்டபோது, இத்தனை ஆண்டுகளாக என் மனத்தில் பெயரில்லாமல் கிடந்த களைப்புக்கு யாரோ பெயர் வைத்துக் கொடுத்தது போலிருந்தது. அதிகாரம் பற்றிய பகுதி குறிப்பாக உறைத்தது. மருத்துவர் தவறு செய்தால் நோயாளி இன்னொரு மருத்துவரிடம் போகலாம்; மூன்று வயதுக் குழந்தைக்கு வகுப்பை விட்டுப் போகவும் வழியில்லை, வீட்டில் போய் நடந்ததைக் கோவையாகச் சொல்லவும் சொல் போதாது.

இரண்டாம் வாரம் நெறித்தொகுப்புகளின் வரலாறு. அமெரிக்காவின் இளங்குழந்தைகள் கல்விக்கான தேசியச் சங்கம் 1989-இல் ஏற்றுக்கொண்ட நெறித்தொகுப்பை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன் 2005, 2011 ஆண்டுத் திருத்தங்களையும் தொட்டுப் பேசினார்கள். அதே 1989-இல்தான் ஐக்கிய நாடுகள் பொது அவை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை நிறைவேற்றியது என்பதைச் சேர்த்துச் சொன்னது நன்றாக இருந்தது. நெறித்தொகுப்பு நான்கு பகுதிகளாக அமைந்தது: குழந்தைகள், குடும்பங்கள், உடன் பணியாற்றுவோர், சமூகம். ஒவ்வொரு பகுதியிலும் எட்ட முயல வேண்டிய இலட்சியங்கள் ஒரு பக்கம், மீறக் கூடாத விதிகள் ஒரு பக்கம். அந்த விதிகளில் முதலாவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது. மற்ற எந்த விதியோடு மோதினாலும் இதுவே முந்தும் என்று அந்தத் தொகுப்பே சொல்லிவிடுகிறது.

கேட்பதற்கு எளிய விதி. நம்மில் யார் குழந்தைக்குத் தீங்கு செய்கிறோம் என்றுதான் எங்கள் குழுவிலும் பேச்சு தொடங்கியது. தீங்கு என்பதற்கு அந்த விதி தரும் பட்டியலில் உடலை வருத்துவது ஒன்று மட்டுமே; மனத்தைக் காயப்படுத்துவது, மதிக்காமல் நடத்துவது, இழிவுபடுத்துவது, ஆபத்துக்கு உள்ளாக்குவது, சுரண்டுவது, அச்சுறுத்துவது ஆகியவையும் அதே வரிசையில் நிற்கின்றன. ஒருங்கிணைப்பாளர் பட்டியலைப் படித்துவிட்டு, “‘இப்படிச் செய்தால் சின்னப் பாப்பா வகுப்புக்கு அனுப்பிவிடுவேன்’ என்று சொன்னதே இல்லை என்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள்” என்றார். திரையில் 12 கட்டங்கள். ஒன்றில்கூடக் கை உயரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் இழிவுபடுத்தலும் அச்சுறுத்தலும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை அவர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றைய ஒன்றரை மணி நேரமும் அதிலேயே போயிற்று. குரலை உயர்த்தாமல், புன்னகையோடு, விளையாட்டுப் போலச் சொல்லப்படும் மிரட்டல்கள் எத்தனை எங்கள் வாயில் புழங்குகின்றன என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைத்தோம். வெட்கமும் சிரிப்புமாகக் கழிந்த அந்த மாலையில் என் வகுப்பறைப் பேச்சைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஏராளம்.

இந்தப் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி மூன்றாம் வாரத்தில் வந்தது. அது ஓர் எழுத்து வேலை. நாங்கள் அன்றாடம் எழுதும் உற்றுநோக்கல் குறிப்புகளில் கடைசிப் பத்தை எடுத்து, பார்த்ததை எழுதிய சொற்களுக்கு ஒரு நிறத்திலும் தீர்ப்பாக எழுதிய சொற்களுக்கு வேறொரு நிறத்திலும் கோடிடச் சொன்னார்கள். என் பத்துக் குறிப்புகளில் ஏழு, முழுக்க முழுக்கத் தீர்ப்பு. ‘அடம் பிடித்தான்.’ ‘இன்றும் யாரோடும் சேரவில்லை.’ ‘கவனம் இல்லை.’ இவற்றுள் ஒன்றை எடுத்து, நடந்ததை மட்டும் நினைவுகூர்ந்து திரும்ப எழுத வேண்டும். ‘அடம் பிடித்தான்’ என்ற என் குறிப்பு இப்படி ஆயிற்று: “கட்டைகளைப் பெட்டியில் எடுத்து வைக்கச் சொன்னபோது, சிவப்புக் கட்டை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான். பெயர் சொல்லி இரண்டு முறை அழைத்தபோது தலையை மட்டும் அசைத்தான். மற்றக் குழந்தைகள் கை கழுவப் போன பிறகு, தானே வெளியே வந்து, தான் கட்டியிருந்த கோபுரம் நின்ற இடத்தில் அந்தக் கட்டையை வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டான்.”

எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, அவன் கட்டிய கோபுரத்தை நான் கலைக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது. பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைகள் தங்கள் விருப்பத்தையும் எண்ணத்தையும் பல வழிகளில் தெரிவிக்கிறார்கள் என்று, இளம் பருவத்தைப் பற்றி ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் குழு உடன்படிக்கைக்கு விளக்கமாக 2005-இல் வெளியிட்ட ஏழாம் பொதுக்கருத்து கூறுகிறது. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு குழந்தையின் கருத்துக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் நான் முன்பே ஏதோ ஒரு தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தச் சிவப்புக் கட்டை ஒரு கருத்து என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் நாம் எழுதும் ஒரு சொல், அடுத்த ஆண்டு ஆசிரியர் கைக்குப் போய், அங்கிருந்து பெற்றோர் காதுக்குப் போய், குழந்தை வாசலில் நுழையும் முன்பே அதற்கு ஒரு பெயராகிவிடுகிறது. உற்றுநோக்கல் குறிப்பைத் திருத்தமாக எழுதுவது எழுத்துத் திறன் சார்ந்தது என்று நினைத்திருந்த நான், அது நெறி சார்ந்தது என்று ஒத்துக்கொண்ட இடம் இது.

ஐந்தாம் வாரம் தர்மசங்கடங்கள். அன்றாடப் பேச்சில் கூச்சத்துக்கும் இக்கட்டுக்கும் நாம் பொதுவாகப் பயன்படுத்தும் இந்தச் சொல், இரண்டு தர்மங்கள் ஒன்றையொன்று முட்டி நிற்பதையே முதலில் குறித்தது என்பதைப் பாடத்தை எழுதியவர்கள் கவனித்திருந்தால், ‘நெறிமுறைசார் இருதலை நிலை’ என்று வாயில் நுழையாத ஒன்றைப் புதிதாகச் செய்திருக்க வேண்டாம். பாடத்தின் உள்ளடக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. கடமைக்கும் தர்மசங்கடத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கினார்கள். குழந்தையை ஒருவர் அடிப்பதைப் பார்த்தால் என்ன செய்வது என்பது தர்மசங்கடம் இல்லை. அது எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் கடமை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்து, எதைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க நேரும்போதுதான் அது தர்மசங்கடம்.

எடுத்துக்காட்டு, இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் பகல் தூக்கச் சிக்கல். தாய் ஒருவர் வந்து, தன் மகனை மதியம் தூங்க விட வேண்டாம் என்கிறார்; பகலில் தூங்கினால் இரவு வெகுநேரம் விழித்திருக்கிறான், தான் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்கிறார். குழந்தையோ மதியம் கண்ணைச் செருகிக்கொண்டு போகிறான். குழந்தைக்கான பொறுப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, குடும்பத்துக்கான பொறுப்பு இன்னொரு பக்கம் இழுக்கிறது. எங்கள் குழு உடனே இரண்டாகப் பிரிந்தது; ‘குழந்தையின் தேவைதான் முதல்’ என்று ஏழு பேரும், ‘அந்தத் தாயும் மனுஷிதானே’ என்று ஐந்து பேருமாக வாதாடினோம். ஒருங்கிணைப்பாளர் எந்தப் பக்கமும் சாயாமல் கேள்விகளை மட்டும் அடுக்கினார். அவன் எத்தனை மணிக்குக் கண்ணைக் கசக்கத் தொடங்குகிறான், யாராவது குறித்து வைத்திருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் தூங்குகிறான்? வீட்டில் எத்தனை மணிக்குப் படுக்க வைக்கிறார்கள்? தூக்க நேரத்தை முன்னே தள்ள முடியுமா, குறைக்க முடியுமா? இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பேசலாம் என்று அந்தத் தாயிடம் கேட்டீர்களா? நாங்கள் வாதாடிய முக்கால் மணி நேரத்தில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை. தகவல் திரட்டாமலே தீர்ப்புக்குப் போகும் பழக்கம், என் உற்றுநோக்கல் குறிப்புகளில் இருந்த அதே பழக்கம்தான்.

ஆறாம் வாரத்து இரகசியக் காப்புப் பாடம் நடைமுறைக்கு உதவியது. கடிபட்ட குழந்தையின் தாய், மகளின் கையில் பல் பதிந்த இடத்தைக் கைபேசி வெளிச்சத்தில் காட்டி, “யார் கடித்தது, பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்கும் காட்சியை நடித்துக் காட்டினார்கள். பெயரைச் சொல்லாமல் இருப்பது கடித்த குழந்தைக்குச் செய்ய வேண்டிய கடமை. நடந்ததையும் செய்த முதலுதவியையும் இனி நடக்காதிருக்க எடுக்கும் ஏற்பாட்டையும் ஒளிக்காமல் சொல்வது கடிபட்ட குழந்தையின் தாய்க்குச் செய்ய வேண்டிய கடமை. நடித்தவர் ‘விதிப்படி சொல்ல முடியாது’ என்று தொடங்காமல், முதலில் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை எந்தக் கையேட்டாலும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. குழந்தைகளின் படங்களைக் குழுக்களில் பகிர்வது பற்றி மட்டும் ஐந்து நிமிடத்தில் ‘பெற்றோரின் ஒப்புதல் பெறுக’ என்று முடித்துவிட்டார்கள். உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு தனிமறைவு உரிமையைக் குழந்தைக்கே தருகிறது என்ற நிலையில், பெற்றோர் ஒப்பினாலும் அழுத முகத்தையும் ஈரமான உடையையும் படம் எடுக்கலாமா என்ற கேள்வி தொடப்படவேயில்லை.

இனி, ஊக்கம். ஏழாம் வாரம் முழுவதும் அதற்கே. நேர்மையாகச் சொன்னால், எட்டு வாரத்தில் எனக்குச் சோர்வூட்டிய வாரம் அது ஒன்றுதான். மெல்லிசை பின்னணியில் ஒலிக்க, சூரிய உதயத்தின் மீது எழுத்துகள் மிதந்து வந்தன. நீங்கள் ஒளி, நீங்கள் வேர், நீங்கள் மெழுகுவத்தி. மெழுகுவத்தியை உவமையாகச் சொல்கிறவர்கள் அது கடைசியில் என்ன ஆகிறது என்று யோசிப்பதேயில்லை. தியாகத்தைப் புகழ்ந்துகொண்டே இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. களைத்துப் போனேன் என்று சொல்வதே குற்றம் போலாகிவிடுகிறது, களைத்ததைச் சொல்லாத ஆசிரியரிடமிருந்துதான் ‘சின்னப் பாப்பா வகுப்புக்கு அனுப்பிவிடுவேன்’ என்ற வாக்கியம் வருகிறது. தன் சோர்வை அறிந்து உதவி கேட்பதும் நெறியின் பகுதி என்று ஒரு வரி வந்திருந்தால் அந்த வாரத்தை மன்னித்திருப்பேன்.

இத்தனைக்கும் அவர்கள் எடுத்துக்கொண்ட மனிதர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. ஜெர்மானியக் கல்வியாளர் பிரடெரிக் புரோபெலின் படத்தைப் போட்டு, ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரை 1840-இல் தந்தவர் என்ற வரியோடு நகர்ந்துவிட்டார்கள். அந்தக் கிண்டர்கார்டன்களைப் பிரஷ்ய அரசு 1851-இல் தடைசெய்தது, மறு ஆண்டே புரோபெல் இறந்துபோனார், 1860-இல் தடை நீங்கியதை அவர் பார்க்கவில்லை என்பதைச் சொல்லியிருக்கலாம். போலந்து மருத்துவரும் கல்வியாளருமான ஜானுஷ் கோர்ச்சாக் பற்றிய பகுதியில், 1942 ஆகஸ்டில் தன் பராமரிப்பிலிருந்த ஆதரவற்ற குழந்தைகளைக் கைவிட மறுத்து அவர்களோடு நாஜிகளின் டிரெப்ளிங்கா வதைமுகாமுக்குச் சென்ற செய்தியை மட்டும் உருக்கமாகச் சொன்னார்கள். நெஞ்சை உலுக்கும் செய்திதான். ஆனால் எந்த மழலையர் ஆசிரியருக்கும் நாளைக் காலையில் அது வழிகாட்டாது. அதே கோர்ச்சாக், வார்சாவில் நடத்திய இல்லத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் வைத்திருந்தார். குழந்தைகள் பெரியவர்கள் மீதும் வழக்குத் தொடரலாம், அவர் மீதே வழக்குகள் வந்தன, அவரும் போய் நின்று பதில் சொன்னார். முதல் வாரத்தில் பேசிய அதிகார ஏற்றத்தாழ்வுக்கு ஒரு மனிதர் தன் வீட்டிலேயே கண்ட மாற்று அது. எனக்கு ஊக்கம் தந்தது அந்தச் செய்தி. அது பாடத்தில் இல்லை, குழுவிலிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நாள்தோறும் வந்த ஊக்கச் செய்திகளை மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டேன். நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடிக்கத்தான் சற்று நேரம் ஆயிற்று.

பெரிய குறை ஒன்று உண்டு. நெறி என்றால் அது ஆசிரியரின் தலையில் மட்டும் விடியும் ஒன்றாகவே பயிற்சி முழுவதும் வைத்துப் பேசினார்கள். அந்த அமெரிக்க நெறித்தொகுப்பில் பணியிடத்தோடு உள்ள உறவு தனியாகப் பேசப்படுகிறது. நிர்வாகிகளுக்கென்றே 2006-இல் ஓர் இணைப்பும் வந்தது. வகுப்பில் 27 குழந்தைகளையும் ஓர் உதவியாளரையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையின் சைகையையும் கருத்தாக எடுத்துக்கொள்வது எப்படி என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். அது இந்தப் பாடத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது என்று பதில் வந்தது. ஒருங்கிணைப்பாளரின் குரலிலேயே அந்தப் பதிலில் அவருக்கு நிறைவில்லை என்பது தெரிந்தது.

சில்லறைக் குறைகளும் உண்டு. காணொளியைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்குகிறது. இறுதித் தேர்வு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது; பகல் தூக்கச் சிக்கலை ஐந்தாம் வாரத்தில் அவ்வளவு நுட்பமாகக் கற்பித்துவிட்டு, அதே சிக்கலுக்கு ‘சரியான விடை இ’ என்று போட்டிருந்தார்கள். வாசிப்புப் பகுதிகளின் தமிழ் பல இடங்களில் மொழிபெயர்ப்பு வாடையோடு இருக்கிறது. குழந்தைகளையும் பெற்றோரையும் ‘பங்குதாரர்கள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்து, ஆண்டிறுதியில் இலாபப் பங்கு எப்போது தருவார்கள் என்று குழுவில் கேலி செய்துகொண்டோம்.

பணிக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இன்னும் வகுப்புக்கே போகாத மாணவர்களுக்கு, எழுதிப் பார்க்கச் சொந்தக் குறிப்புகள் இல்லாததால், பாதிப் பயன்தான் கிடைக்கும். சேருமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நேரலைக் கலந்துரையாடல் உண்டா, ஒரு குழுவில் எத்தனை பேர்? பதிவு செய்த காணொளி மட்டும்தான் என்றால், அல்லது ஒரே கூட்டத்தில் நூறு பேர் என்றால், நான் மேலே புகழ்ந்தவற்றில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைக்காது. ஏழாம் வாரத்தைத் தாண்டிக் குதித்துவிடலாம்.

சான்றிதழ் வந்து சேர்ந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும். குழுவிலிருந்த 12 பேரில் எட்டுப் பேர், பயிற்சி முடிந்த பிறகும் மாதம் ஒரு முறை நாங்களாகவே கூடி, ஆளுக்கு ஒரு சிக்கலைப் பெயர் நீக்கி எழுதிக்கொண்டு வந்து பேசுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு என் முறை. தந்தை ஒருவர், தன் மகள் அழுதால் உடனே எடுத்துத் தேற்ற வேண்டாம், தானாக அடங்கப் பழகட்டும் என்று கேட்டிருக்கிறார். அவள் எப்போது அழுகிறாள், எதற்கு முன்னால், எவ்வளவு நேரம் என்று ஒன்பது நாளாகக் குறித்து வருகிறேன். இதுவரையுள்ள குறிப்புகளில் தீர்ப்புச் சொல் இரண்டே இரண்டுதான் அகப்பட்டன.